ராயபுரம் ஸ்டேஷன்: தென்னகத்தின் முதல் ரயில் கிளம்பிய வாசல்

சென்ட்ரலில் வெளியூர் வண்டி பிடிக்கும்போது, நேரம் இருந்தால், நடைமேடையின் கடைசிவரை நடந்துபோய் எஞ்சினைப் பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். வெள்ளை உடலில் சிவப்புப் பட்டை ஓடும் டபிள்யூஏபி-7 எஞ்சின்கள் பலவற்றில் ஆர்பிஎம் என்ற எழுத்துகளைப் பார்க்கலாம். ராயபுரம் லோகோ ஷெட்டைச் சேர்ந்த எஞ்சின் என்று அர்த்தம். எவ்வளவு தூரம் போய் வந்தாலும் பராமரிப்புக்கு அவை வடசென்னைக்குத்தான் திரும்ப வேண்டும். ஆக, ராயபுரத்தின் பெயர் நாட்டின் பல மூலைகளுக்குப் போய் வருகிறது. ஆனால் ராயபுரம் ரயில் நிலையம் எங்கே இருக்கிறது என்று தென்சென்னையில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பாரிமுனை தாண்டி எங்கேயோ இருக்கும் என்பார்கள். அங்கே ஒரு ஸ்டேஷன் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இந்த ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அன்றைக்குக் கட்டிய கட்டடம் இன்னும் நிற்கிறது. அந்த வழியாக மின்சார ரயில் இன்னும் ஓடுகிறது. பாரீஸில் வேலை முடிந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் வீடு திரும்புகிறவர்கள் அதைத் தினமும் கடந்து போகிறார்கள். இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாம் இன்னும் சரியாக உணரவில்லை என்பது என் எண்ணம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் பெரியப்பா, ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் அவர் வீட்டுக்குப் போனால், ஒர்க்ஸ் சங்கு ஊதும் நேரத்தை வைத்துத்தான் பெரியம்மா உலை வைப்பார், காபி போடுவார். ராயபுரம் போகலாம் வருகிறீர்களா என்று கேட்டதும் அவர் முதலில் சொன்னது: “வரேன். ஆனா ஆட்டோவுல கூட்டிட்டுப் போனேன்னா வரமாட்டேன். ஸ்டேஷனைப் பார்க்க ட்ரெயின்லதான்டா போகணும்.”

சரி என்று பீச் ஸ்டேஷனுக்குப் போனோம். பீச்சிலிருந்து வடக்கே அடுத்த நிறுத்தமே ராயபுரம். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். பீச் ஸ்டேஷனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சென்னை ரயில் வரலாற்றின் இரண்டு பாதிகள் ஒட்டுகிற இடம் அது. தெற்கே தாம்பரம், செங்கல்பட்டு போகும் பாதை பழைய தென்னிந்திய ரயில்வேயுடையது. அது அன்று மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. வடக்கே ராயபுரம் போகும் பாதை மெட்ராஸ் ரயில்வேயுடையது. அது 5 அடி 6 அங்குல அகலப்பாதை. இரண்டு கம்பெனிகள், இரண்டு அளவுத் தண்டவாளம். ஒன்றின் வண்டி மற்றதன் பாதையில் ஓட முடியாது. 1951-ல் தெற்கு ரயில்வே என்ற ஒரே நிர்வாகத்துக்குள் வந்த பிறகும் கேஜ் வேறுபாடு பல்லாண்டுகள் நீடித்தது. பீச்–தாம்பரம் இடையே கடைசி மீட்டர் கேஜ் மின்சார வண்டி நின்றது 2004-ல்தான்.

வண்டி கிளம்பியதும் பெரியப்பா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். ஒரு பக்கம் துறைமுகம், அதன் மதில், அதற்கு மேல் எட்டிப் பார்க்கும் கிரேன்கள், கன்டெய்னர் லாரிகள். இன்னொரு பக்கம் பழைய நகரத்தின் நெருக்கடியான தெருக்கள். அடுத்த நிறுத்தம் என்பதால் பேச்சு தொடங்குவதற்குள்ளேயே ராயபுரம் வந்துவிடுகிறது. காலை வேளையிலும் எங்களோடு இறங்கியவர்கள் சிலரே. மீன்கூடையோடு ஒரு அம்மா, பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள், துறைமுக வேலைக்குப் போகிறவர்போல் ஒருவர். அவ்வளவுதான்.

வண்டியிலிருந்து பார்த்தால் இந்த இடத்தின் பெருமை தெரியாது. பழைய கட்டடத்தின் முகப்பு தெருவைப் பார்த்து நிற்கிறது, ரயிலில் போகிறவர்களுக்குத் தெரிவது அதன் பின்பக்கம். வெளியே வந்து சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றால்தான் அந்த நீண்ட கட்டடம் முழுதாகக் கண்ணுக்குப் படும். செங்காவிச் சுவர்கள். முகப்பு நெடுக வரிசையாக வெள்ளைத் தூண்கள், அவற்றின் தலையில் இலை விரித்தாற்போன்ற கொரிந்திய வேலைப்பாடு. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் மாளிகை கட்டியவர்களின் பாணி. சென்ட்ரலின் கோபுரமோ எழும்பூரின் கும்மட்டமோ இதற்குக் கிடையாது. உயரமாகவும் இல்லை, ஆளை மிரட்டவும் இல்லை. 1856-ல் ரயில் நிலையம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று இந்த நாட்டில் யாருக்கும் தெரியாது. கட்டியவர்களுக்குத் தெரிந்தது மாளிகை, அதனால் மாளிகையைக் கட்டி நடைமேடையைப் பக்கத்தில் வைத்தார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பெரியப்பா தூண்களுக்கு அருகே போய் ஒன்றை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். பல ஆண்டுகள் பெட்டிகளைத் தட்டிப் பார்த்தே பழுது கண்டுபிடித்த கை. “சுண்ணாம்பு வேலைடா. தட்டினா தெரியும்,” என்றார்.

முதல் ஸ்டேஷனை ஏன் ராயபுரத்தில் வைத்தார்கள்? இதற்குப் பதில் தேட அந்தக் காலத்துச் சென்னையை மனதில் கொண்டுவர வேண்டும். கோட்டைக்குள் வெள்ளைக்காரர்களின் ஆட்சி. கோட்டைக்கு வடக்கே கறுப்பர் நகரம், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன். தமிழ், தெலுங்கு வணிகர்களின் கடைகளும் கிடங்குகளும் அங்கேதான் இருந்தன. அந்த நகரத்தைச் சுற்றி ஒரு மதில் உண்டு. அதன் மிச்சம் இன்றும் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாடிப் பூங்காவாக நிற்கிறது. மதிலுக்கு வெளியே வடக்கில், கடலை ஒட்டித் திறந்த நிலம். படகோட்டிகளும் மீனவர்களும் வாழ்ந்த இடம். அவர்கள் எழுப்பிய புனித இராயப்பர் தேவாலயம் இன்றும் அங்கே இருக்கிறது. வணிகர்களின் கிடங்குக்கும் பக்கம், கோட்டைக்கும் பக்கம், கடலுக்கும் பக்கம், விரிந்துகொள்ள இடமும் உண்டு. முதல் ஸ்டேஷனுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் அன்றைய சென்னையில் இல்லை.

அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். கப்பல்கள் தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் அலையைக் கடந்துபோய் ஆளையும் சரக்கையும் இறக்கிக் கொண்டுவரும். இரும்புத் தூண்களின்மேல் ஒரு கப்பல் பாலம் வந்ததே 1861-ல்தான். துறைமுகச் சுவர் கட்டும் வேலை 1870-களின் நடுவில் தொடங்கி, 1881-ல் வந்த புயலில் பெரும்பகுதி உடைந்து, மறுபடி கட்டப்பட்டது. ஆக, இங்கிலாந்திலிருந்து வந்த முதல் எஞ்சின்களும் தண்டவாளங்களும் அலையடிக்கும் வெறுங்கரையில் இறங்கியவைதான். தென்னிந்திய ரயிலின் கதையில் எஞ்சினியர்களின் பெயர் வருகிறது, கவர்னரின் பெயர் வருகிறது. அந்த இரும்பைக் கரை சேர்த்த படகோட்டிகளின் பெயர் எங்கும் வருவதில்லை. ராயபுரத்தில் நின்றுகொண்டு அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சென்னையில் ரயில் விடலாம் என்ற யோசனை 1832-லேயே வந்திருக்கிறது. இந்தியாவிலேயே அதுதான் முதல் யோசனை என்கிறார்கள். 1837-ல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் சாலைபோடும் கற்களைக் கொண்டுவர ஒரு ரயில் பாதை ஓடியது, அது பயணிகளுக்கானது இல்லை. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி உருவாகி, 1853 ஜூன் மாதம் பாதை போடும் வேலை தொடங்கியது. அந்த ஆண்டு ஏப்ரல் 16-ல்தான் பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் ரயில் ஓடியிருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹவுரா. மூன்றாவதாக, 1856-ல், நம்முடைய ராயபுரம்.

கம்பெனி லண்டனில் இருந்தது. அதில் பணம் போட்டவர்களுக்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும், குறைந்தபட்ச வட்டி கிடைக்கும் என்று அரசு உறுதி கொடுத்தது. நிலமும் இலவசம். வருமானம் போதாவிட்டால் ஈடுகட்டுவது இங்கே விவசாயியிடம் வாங்கிய வரிப்பணம். ரயில் வெள்ளைக்காரன் கொடுத்த நன்கொடை என்று இப்போதும் சிலர் பேசுவதைக் கேட்கிறேன். அது உண்மையில்லை. பாதை நம் நிலத்தில் போடப்பட்டது, உழைப்பு நம் மக்களுடையது, நஷ்டமும் நம் தலையில் விழுந்தது. படையை வேகமாக நகர்த்துவது, பருத்தி போன்ற சரக்கைக் கடற்கரைக்குக் கொண்டுவருவது, தங்கள் ஆலைச் சரக்கை உள்நாட்டுக்குள் தள்ளுவது என்று தங்கள் நோக்கத்தை கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி 1853-லேயே எழுதி வைத்துவிட்டார். இவ்வளவும் தெரிந்த பிறகும், அந்தத் தூண்களின் முன்னால் நிற்கும்போது எனக்கு உரிமை உணர்வுதான் வருகிறது. நாம் விலை கொடுத்து வாங்கியது இது.

ஸ்டேஷனைக் கவர்னர் ஹாரிஸ் பிரபு 1856 ஜூன் 28-ல் திறந்து வைத்தார். ஜூலை 1-ல் வண்டி புறப்பட்டது. போய்ச் சேர்ந்த இடம் வாலாஜா ரோடு, ஆற்காட்டு நவாபுகளின் சீமை. ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மாட்டு வண்டியில் நாள் கணக்கில் போகும் ஊருக்குச் சில மணி நேரத்தில் போய் இறங்கினார்கள். அதே நாளில் இன்னொரு வண்டி திருவள்ளூர்வரை போய் வந்தது.

அன்று வண்டிக்குள் உட்கார்ந்தவர்களைவிட, வழிநெடுக வயல்களில் நின்று அதைப் பார்த்தவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிப்பேன். ஆவடியிலும் திருவள்ளூரிலும் அரக்கோணத்திலும் ஏர் பிடித்து நின்றவர்கள், மாடு இல்லாமல், காற்றுப் பாய் இல்லாமல், புகை கக்கிக்கொண்டு ஓடும் ஒன்றை முதல்முறை பார்த்திருப்பார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று காலை அரக்கோணத்திலிருந்து அதே பாதையில் தொங்கிக்கொண்டு சென்னைக்கு வேலைக்கு வருகிறார்கள்.

பாதை அங்கேயே நிற்கவில்லை. 1862-ல் மேற்குக் கரையில் கோழிக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் பேப்பூர் வரை நீண்டது. ராயபுரத்தில் ஏறினால் அரபிக்கடல் ஓரம் போய் இறங்கலாம் என்ற நிலை வந்தது. 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை. அரக்கோணத்திலிருந்து வடமேற்கே போன பாதை 1871-ல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. இவை அத்தனைக்கும் தலை ராயபுரம்.

முதல் வண்டி ஓடிய 1856-லேயே பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸும் தொடங்கியது. இது பெரியப்பாவுக்குப் பெருமையான விஷயம். “வண்டி ஓட ஆரம்பிச்ச மறுநாளே ரிப்பேர் வரும்டா. ஒர்க்ஸ் இல்லாம ரயில்வே கிடையாது,” என்றார். அவர் சேர்ந்த புதிதில் மர உடல் பெட்டிகள் பிஓஎச் வேலைக்கு, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை செய்யும் முழுப் பராமரிப்புக்கு, இன்னும் வந்துகொண்டிருந்தனவாம். தேக்குச் சட்டத்தைக் கழற்றிச் செல் அரித்த இடத்தை மட்டும் வெட்டி, புதுத் துண்டு பொருத்தி, பழைய மரத்தோடு ஒட்டு தெரியாமல் சேர்க்கும் ஆசாரிகள் அங்கே இருந்ததைச் சொன்னார். பிறகு 1955-ல் தொடங்கிய பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பின் இரும்புப் பெட்டிகள் நாடெங்கும் பரவியதும் அந்தக் கைவேலைக்கு வேலை குறைந்தது. அவர்களில் சிலர் ஓய்வுக்குப் பிறகு கோயில் தேர் வேலைக்குப் போனதாகச் சொன்னார். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. வடசென்னையின் ரயில் வரலாறு பாதி இப்படித்தான் ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் வீட்டுத் திண்ணைகளில் கிடக்கிறது. யாராவது போய்க் கேட்டு எழுதி வைக்க வேண்டும், அவர்கள் இருக்கும்போதே.

ராயபுரத்தைப் பற்றி எழுதும் யாரும் தாது வருடப் பஞ்சத்தைத் தாண்டிப் போகக் கூடாது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பஞ்சம். லட்சக்கணக்கானவர்கள் இறந்தார்கள். கப்பலில் வந்த அரிசி மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் குவிந்தன, ரயில் அவற்றை உள்மாவட்டங்களுக்குக் கொண்டுபோனது. ஆனால் வந்து குவிந்த வேகத்துக்கு ரயிலால் ஈடுகொடுக்க முடியவில்லை. அது மட்டுமில்லை. எங்கே விலை அதிகமோ அங்கே தானியம் போய்ச் சேரவும் இதே ரயில் உதவியது. உள்ளூர்ச் சந்தையில் விற்றிருக்க வேண்டியதை வியாபாரிகள் ஸ்டேஷன் உள்ள ஊர்களுக்குக் கொண்டுபோய்ப் பதுக்கினார்கள். கையில் காசு இல்லாத கூலிக்காரனுக்கு, பக்கத்து ஸ்டேஷனில் மூட்டை அடுக்கியிருந்தும் பயனில்லாமல் போனது. ரயில் இருந்தால் பஞ்சம் வராது என்று அதற்கு முன் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தண்டவாளம் அரிசியைக் கொண்டுவரும், வாங்கும் காசைக் கொண்டுவராது என்று அந்த இரண்டு ஆண்டுகள் காட்டின. அந்த முகப்பைப் பார்த்து ரசிக்கிறவர்கள் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ராயபுரம் எப்படிப் பின்னுக்குப் போனது? சென்ட்ரல் வந்தது. 1873-ல் பார்க் டவுனில் இரண்டாவது முனையமாகத்தான் அதைத் தொடங்கினார்கள். ராயபுரத்தில் துறைமுகச் சரக்கும் பயணிகளும் சேர்ந்து நெரிசல் அதிகமானதால் வந்த ஏற்பாடு. ஊர் தெற்கேயும் மேற்கேயும் வளர வளர, பயணிகளுக்குச் சென்ட்ரலே வசதியாகப் போனது. 1907-ல் கடற்கரையோரப் பாதை தெற்கே நீண்டதும் ராயபுரம் முனையம் என்ற தகுதியை இழந்தது. அடுத்த ஆண்டு மெட்ராஸ் ரயில்வே என்ற பெயரும் போய், மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே வந்தது. 1922-ல் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பெரிய தலைமையகக் கட்டடம் எழுந்தது. இன்று தெற்கு ரயில்வேயின் தலைமையகமாக இருப்பது அதுதான். ராயபுரத்துக்கு மிஞ்சியது சரக்கும், ஷெட்டும், புறநகர் வண்டிகளும்.

அந்தப் பின்னடைவுதான் கட்டடத்தைக் காப்பாற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது. பம்பாயின் பழைய போரிபந்தர் ஸ்டேஷன் இருந்த இடத்தில் விக்டோரியா டெர்மினஸ் வந்தது. ஹவுராவின் முதல் ஸ்டேஷனும் போய், 1905-ல் இப்போதைய பெரிய கட்டடம் எழுந்தது. கூட்டம் பெருகிய இடங்களில் பழையதை இடித்தே தீர வேண்டியிருந்தது. ராயபுரத்தில் இடித்துக் கட்ட யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை. அதனால் இந்தியாவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது என்ற இடம் இதற்குக் கிடைத்தது. ஆனால் அவசியம் ஏற்படாத இடத்தில் பராமரிப்பும் இருக்காது. கூரை ஒழுகி, சுவர் உதிர்ந்து, செடி முளைத்துக் கிடந்த கட்டடத்தை, 150-வது ஆண்டு நெருங்கியபோது, 2005-ல் ரயில்வே புதுப்பித்தது. இன்று நாம் பார்க்கும் நிறமும் பொலிவும் பெரும்பாலும் அந்த வேலையில் வந்தவை.

தெற்குப் பாதையோடு ஒப்பிட்டால் வடக்கின் நிலை இன்னும் தெளிவாகப் புரியும். பீச்–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் 1931 மே மாதமே ஓடத் தொடங்கிவிட்டது, மீட்டர் கேஜில் இந்தியாவிலேயே முதல். அந்த ரயிலை நம்பித்தான் மாம்பலம், சைதாப்பேட்டை, குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஒரு முழுத் தென்சென்னை வளர்ந்தது. அலுவலகக்காரர்கள் வீடு கட்டினார்கள், மனை விலை ஏறியது. வடக்கேயும் மேற்கேயும் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பாதைகளுக்கு மின்சாரம் வந்தது 1979-ல். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு இடைவெளி. முதல் ரயில் ஓடிய பாதை மின்சாரத்துக்கு அவ்வளவு காலம் காத்திருந்தது. ஆலையும் துறைமுகமும் நிலக்கரியும் உப்பளமும் வடக்கே, குடியிருப்பு வசதி தெற்கே என்று இந்த நகரம் தன்னைப் பிரித்துக்கொண்டதில் இந்த இடைவெளிக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

நாங்கள் முகப்புக்கு எதிரே நிழலில் நின்றிருந்தபோது, அந்தப் பக்கத்தில் தேநீர்க் கடை வைத்திருப்பவர் பெரியப்பாவிடம் பேச்சுக் கொடுத்தார். எந்த ஒர்க்ஸ், எந்த ஷாப் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, “நீங்க சொல்லுங்க ஐயா, பெரிய ஸ்டேஷன் இங்க வருமா வராதா?” என்றார். ராயபுரத்துக்காரர்கள் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி அது. சென்னையின் மூன்றாவது முனையத்தை ராயபுரத்தில் அமைக்க வேண்டும் என்பது வடசென்னையின் பல ஆண்டுக் கோரிக்கை. இங்கே ரயில்வேக்கு 72 ஏக்கர் நிலம் இருக்கிறது என்று கோரிக்கை வைக்கிறவர்கள் எப்போதும் சுட்டிக்காட்டுவார்கள். நீதிமன்றம்வரை போயும் பார்த்தார்கள். தாம்பரம் மூன்றாவது முனையமானது. பெரம்பூரை நான்காவதாக ஆக்கும் பேச்சு நடக்கிறது. பெரியப்பா அந்தக் கடைக்காரருக்குச் சொன்ன பதில் நியாயமாக இருந்தது: “பெருசு வந்தா நல்லதுதான் தம்பி. ஆனா இருக்கிற சின்னதுல வண்டி நிறைய நின்னா போதும்னு எனக்குத் தோணுது.”

நான் அவர் பக்கம்தான். வெளியூர் வண்டிகள் கிளம்பும் முனையம் வந்தால், இந்தக் கட்டடத்தைச் சுற்றி என்னென்ன இடிப்பார்கள், எதை எழுப்புவார்கள் என்ற கவலை எனக்கு இருக்கிறது. வடசென்னைக்காரர் டெல்லி வண்டி ஏறச் சென்ட்ரல் போவது பெரிய சிரமம் இல்லை. தினமும் வேலைக்குப் போகிறவருக்கு வண்டி அடிக்கடி வராததும், தவறவிட்டால் அடுத்ததற்காக நெடுநேரம் காத்திருப்பதும்தான் சிரமம். வடக்கு, மேற்குப் பாதை வண்டிகள் பெரும்பாலும் சென்ட்ரலிலிருந்து கிளம்புகின்றன. பீச்சிலிருந்து ராயபுரம் வழியாகப் போகிறவை குறைவு. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர்வரை வந்தது பெரிய உதவி. ஆனால் மெட்ரோ கட்டணமும் 5 ரூபாய் டிக்கெட்டும் ஒன்றாகாது. காசிமேட்டிலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மாவுக்கு வேண்டியது புறநகர் வண்டி.

பழைய கட்டடத்துக்கு வருவோம். அருங்காட்சியகம் ஆக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். ஆக்கட்டும், ஒரு பகுதியை. ஆனால் டிக்கெட் கவுன்ட்டர் அந்தத் தூண்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும், மழைக்கு ஒதுங்குகிறவர்கள் அந்தத் தாழ்வாரத்தில் நிற்க வேண்டும், சீசன் டிக்கெட் எடுக்க வருகிற பெண்கள் அந்த வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். 1856-ல் அதைக் கட்டியதே பயணிகளுக்காக. கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்த கட்டடத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஜூலை 1 அன்று மாலை போடுவார்கள். தினமும் ஆயிரம் பேர் நடக்கும் கட்டடத்தில் ஓர் ஓடு உடைந்தால் அன்றைக்கே யாராவது புகார் கொடுப்பார்கள். எது நீண்டநாள் நிற்கும் என்பது பெட்டி பழுது பார்த்த பெரியப்பாவுக்கு நன்றாகத் தெரியும். ஓடுகிற பெட்டிதான் ஒழுங்காகப் பராமரிக்கப்படும் என்பார் அவர், யார்டில் நிறுத்தி வைத்தது துருப்பிடித்துப் போகும்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு குறிப்பு. காலையில் போங்கள், முகப்பில் வெயில் விழும்போது தூண்களின் தலை வேலைப்பாடு துலக்கமாகத் தெரியும். பார்த்து முடித்த பிறகு அப்படியே நடந்தால் கல்மண்டபம் கடைத்தெரு, இராயப்பர் தேவாலயம், பார்சிகளின் அக்னிக் கோயில், சற்றுத் தள்ளிக் காசிமேடு என்று அரைநாளுக்கு வேண்டிய அளவு இருக்கிறது.

இன்னொன்று: பீச் ஸ்டேஷனிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட், திருவண்ணாமலைப் பக்கம் ஒரு மெமு ரயில், அதாவது புறநகரைத் தாண்டிப் போகும் மின்சார வண்டி, போகிறது. ராயபுரத்தைக் கடந்து, பெரம்பூர், திருவள்ளூர், அரக்கோணம் வழியாக வாலாஜா ரோட்டைத் தொட்டுப் போகிறது. ஹாரிஸ் பிரபு காலத்து முதல் பாதையை முழுதாகப் பார்க்க இன்று அதுவே எளிய வழி. அதில் வாலாஜாவரை போய் வர வேண்டும் என்று திரும்பும்போது பெரியப்பாவிடம் சொன்னேன். மழைக்காலம் முடியட்டும், முழங்கால் வலி குறையும் என்றிருக்கிறார். கார்த்திகை தீபக் கூட்டம் ஓய்ந்த பிறகு, தை மாதத்தில் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.